புள்ளி இறங்கிவிட்டது, ஆள் இஸ்தோப்பைத் தாண்டவில்லை

9 ஜூன் 2025, மலைச்சாரல் (திகதிக்குப் பின்னால் வருவது எழுதுபவரின் புனைபெயர்)

மாதாந்த பிரஷர், சீனி கிளினிக்கில் அறுபது தாண்டியவர்களிடம் முதியோருக்கான பதினைந்து கேள்வி ஜி.டி.எஸ்-15 மனச்சோர்வுத் தாளைக் கேட்கிறோம். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை 50 மி.கி. தொடங்கி மூன்று மாதம் ஆனவர்களில் சிலருக்குப் புள்ளி 9 இலிருந்து 4க்கு இறங்கியிருக்கிறது. 5க்குக் கீழே என்பதால் தாளின் கணக்குப்படி குணம். ஆனால் குடும்பநல உத்தியோகத்தர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் போகிற நாளில் பார்த்தால், அதே அம்மா அதே இஸ்தோப்பில் (முன்வாசல் திண்ணையில்) கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காலையில் உட்கார்ந்த இடத்தில் மாலை வரை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், அழுவதில்லை. கேட்டால் "நல்லாதான் இருக்கேன் மிஸ்". கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது, தண்ணீர்ப் பீலிக்குப் போவது நின்றுவிட்டது, அடுத்த காம்பராவில் (லய அறையில்) சாவு என்றாலும் எழுந்திருப்பதில்லை.

வைத்தியம் தோற்றதா, தாள் தோற்றதா? "வயசானா அப்படித்தான்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

9 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

இரண்டும் தோற்கவில்லை. அந்தத் தாள் கேட்காத ஒன்றை நீங்கள் கேட்கிறீர்கள்.

முதலில், 4 என்ற கூட்டுத்தொகையை விடுங்கள். எந்த நான்கு என்று பாருங்கள். பதினைந்து கேள்விகளில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் உணர்வைக் கேட்பவை: பயம், வெறுமை, உதவியற்ற நிலை, நம்பிக்கையின்மை. அன்றாட நடமாட்டத்தைத் தொடுபவை மூன்றுதான். 2 ஆவது, செய்துவந்த வேலைகளையும் விருப்பங்களையும் விட்டுவிட்டீர்களா. 9 ஆவது, வெளியே போவதைவிட வீட்டில் இருக்கத்தான் பிடிக்குமா. 13 ஆவது, உடம்பில் தெம்பு இருக்கிறதா. மருந்து பயம், வெறுமை பக்கம் வேலை செய்து புள்ளியை இறக்கிவிடும். மிச்சம் நிற்பது 2, 9, 13 என்றால், நீங்கள் சொல்கிற அந்த இஸ்தோப்பு அம்மாதான் அது. ஐந்துக்குக் கீழே வந்தாலும் அவர் பாதிவழியில்தான் நிற்கிறார்.

அடுத்தது, கணக்கு சரியாகப் போடப்பட்டதா என்று பாருங்கள். இந்தத் தாளில் அதிகம் பிழைக்கும் இடம் அதுதான். 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்தும் தலைகீழ்க் கேள்விகள். "வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா?" என்பதற்கு "இல்லை" என்றால்தான் 1 புள்ளி. மற்றப் பத்துக்கும் "ஆம்" என்றால் 1. அவசரத்தில் எல்லா "ஆம்"களையும் எண்ணினால் சந்தோசமாக இருப்பவருக்கு 5 விழும், முழுக்க உடைந்துபோனவருக்கு 10 மட்டுமே விழும். தலைகீழ்க் கேள்விகளின் "இல்லை" கட்டத்தைப் பேனாவால் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்தால் பிழை வராது.

9 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

சொல்ல விட்டது: ஜி.டி.எஸ்-15இல் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியான கேள்வி ஒன்றுகூட இல்லை. புள்ளி குறைவாக இருக்கிறது என்று அதைக் கேட்காமல் விடாதீர்கள். பி.எச்.கியூ-9 என்ற இன்னொரு மனச்சோர்வுத் தாளின் ஒன்பதாவது கேள்வி அதற்குரியது. அதை மட்டும் தனியே எடுத்துக் கேட்கலாம்.

10 ஜூன் 2025, பீலிக்கரை

9 ஆவது கேள்வியைப் பற்றி. ஜூன், ஜூலையில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் யாரைக் கேட்டாலும் "வீட்டுலதான் இருக்கப் பிடிக்கும்" என்பார்கள். விடாத மழை, பனிமூட்டம், வழுக்கும் படி. இளசுகளே வெளியே போக யோசிக்கிற காலம். "மழை விட்ட நாளிலயும் வீட்டுலதானா?" என்று கேட்க வேண்டும்.

3 ஆவது, 14 ஆவது கேள்விகளுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. "வாழ்க்கை வெறுமையா இருக்கா" என்பதைச் செந்தமிழில் கேட்டால் தலையாட்டல்தான் வரும், பதில் வராது. நம்முடைய முதியவர்கள் மனச்சோர்வை மனதின் சொல்லால் சொல்வது குறைவு. "ஒடம்பெல்லாம் காந்துது", "தல கிறுகிறுங்குது", "சோறு எறங்கல", "ஒரே யோசன". இதில் "ஒரே யோசன" என்ற சொல் வந்தால் நின்று கேளுங்கள். என்ன யோசனை, எந்த நேரத்தில், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முழிப்பு வந்து அதோடு கிடக்கிறாரா. விடிகாலை முழிப்பும் காலையில் கூடி மாலையில் தணிகிற சோர்வும் சேர்ந்தால் அது வெறும் கவலையைத் தாண்டிவிட்டது.

10 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

பீலிக்கரை சொல்வது புரிகிறது, ஒரு திருத்தம் மட்டும். புள்ளிக்காகக் கேட்கும்போது கேள்வியை மாற்றாதீர்கள். ஒரு மாதம் "மழை விட்ட நாளில்" என்றும் அடுத்த மாதம் வேறு மாதிரியும் கேட்டால் இரண்டு புள்ளிகளை ஒப்பிட முடியாது. தாளில் உள்ளபடி வாசித்து, பதிலைக் குறித்து, ஓரத்தில் "மழை" என்று எழுதுங்கள். விளக்கம் கேட்பது அதற்குப் பிறகு. இன்னொன்று, அந்தத் தாள் கடந்த ஒரு வாரத்தைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் "போன கிழமை" என்று சொல்லித் தொடங்காவிட்டால் பதில் 1983 கலவரத்துக்கும் போகும்.

மகளையோ மருமகளையோ வெளியே இருக்கச் சொல்லுங்கள். "யாருக்கும் பாரமா இருக்கேனோ" என்ற நினைப்பு அவர்கள் முன்னால் வெளிவராது. டொக்டருக்குத் தமிழ் வராத இடத்தில் மகள்தான் மொழிபெயர்ப்பாளர் என்றால் பாதி போய்விடும். "அம்மா செத்தா தேவலங்கிறாங்க" என்பதை எந்த மகளும் அப்படியே மாற்றிச் சொல்லமாட்டாள். தமிழ் தெரிந்த தாதியோ சிற்றூழியரோ பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

12 ஜூன் 2025, குளிசைப் பெட்டி

மருந்துப் பக்கத்திலிருந்து. செர்ட்ராலின் 50இல் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் 25 மி.கி., காலைச் சாப்பாட்டோடு, ஒரு வாரம், பிறகு 50. முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு வரலாம். "ஒரு கிழமையில போய்விடும், நிப்பாட்டாதீங்க" என்று மருந்துத் துண்டு கொடுக்கும்போதே சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் குளிசை அரிசி டின்னுக்குள் போய்விடும். இதே வகை மருந்தான எஸ்சிட்டலோபிராம் என்றால் 5இல் தொடங்கி 65க்கு மேல் 10 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் எடுப்பவருக்கு இந்த வகை மருந்து சேரும்போது இரத்தத்தில் சோடியம் இறங்கும் அபாயம் கூடும். தொடங்கும் முன் ஒரு சோடியம், இரண்டு கிழமையில் இன்னொன்று. சோடியம் இறங்கிய முதியவர் எப்படி இருப்பார் தெரியுமா? மந்தமாக, தள்ளாடி, சாப்பாடு வேண்டாமென்று, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டு. பார்க்கிறவர் மனச்சோர்வு கூடிவிட்டது என்று மருந்தைக் கூட்டுவார். அங்கேதான் ஆபத்து.

முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறாரா, அஸ்பிரின் எடுக்கிறாரா என்று கேளுங்கள். இவை இரண்டும் செர்ட்ராலினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி. வலிக்குப் பரசிட்டமோல் கொடுத்து, டைக்ளோபெனக்கை நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் பாதை மூடி கிளினிக் தவறினால் செர்ட்ராலின் திடீரென நின்றுவிடும். தலைச்சுற்று, எரிச்சல், கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரும். அதனால் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை இரண்டு கிழமைக்குக் கூடுதலாகக் கொடுத்து வைப்பது நல்லது.

12 ஜூன் 2025, மலைச்சாரல்

எங்கள் கொப்பிகளில் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவு என்று நிறைய இருக்கிறது. தூக்கத்துக்கு என்று எப்போதோ தொடங்கியது. அதை மனச்சோர்வு மருந்து என்று எண்ணுவதா?

13 ஜூன் 2025, குளிசைப் பெட்டி

அந்த அளவு தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் உதவுமே தவிர மனச்சோர்வை நீக்கப் போதாது. நீக்கும் அளவுக்குக் கூட்டினால் முதியவர் தாங்கமாட்டார். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி, எழும்போது பிரஷர் இறங்கி விழுதல். புரொஸ்டேட் உள்ள தாத்தாவுக்கு இரவில் சிறுநீர் கட்டிக்கொண்டால் அதன் முதல் சந்தேகம் இந்தக் குளிசை மேல்தான் விழவேண்டும். ஒரே நாளில் நிறுத்தாமல், 25 இலிருந்து 10க்கு இறக்கி, இரண்டு மூன்று கிழமையில் விடுங்கள்.

15 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை. ஈமோகுளோபின், டி.எஸ்.எச். (தைரொயிட்), சோடியம், சீனி, கிரியட்டினின் (சிறுநீரகம்). மெட்போர்மின் பல வருடம் எடுப்பவருக்கு பி12 குறையும். சோர்வு, கால் விறைப்பு, மறதி மூன்றும் அதனாலேயே வரலாம். பி12 பார்க்க வசதியில்லாத இடத்திலும் அந்தச் சந்தேகத்தைக் கொப்பியில் எழுதி அனுப்புங்கள். இரத்தச்சோகை இந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே கூடவே வந்த வருத்தம். அறுபதுக்குப் பிறகு புதிதாகக் கூடினால் குடலில் கசிவு உண்டா என்றும் தேட வேண்டும். பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரொப்ரனலோல் மனச்சோர்வைக் கொண்டுவரும். ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசலோன் மனநிலையைக் குலைக்கும்.

இன்னும் மூன்று. ஆள் சில நாட்களுக்குள் மாறிப்போனார், காலையில் தெளிவு மாலையில் குழப்பம் என்றால் அது மனச்சோர்வு என்று கிளினிக்கில் வைத்திருக்காதீர்கள். சளி, சிறுநீர்த் தொற்று, மருந்துக் கோளாறு எதனாலோ வந்த புத்தித் தடுமாற்றம். ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டும். மறதி நோயா மனச்சோர்வா என்ற குழப்பத்தில், கேட்டதற்கெல்லாம் "தெரியல, ஞாபகம் இல்ல" என்று கைவிடுபவர் பெரும்பாலும் சோர்ந்தவர். தெரிந்ததுபோல் ஏதோ சொல்லிச் சமாளித்து மறைப்பவரிடம் மறதி நோயைத் தேடுங்கள். மூன்றாவது, காது.

15 ஜூன் 2025, பீலிக்கரை

காது! அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காது மந்தமானவர் பேச்சிலிருந்து மெல்ல விலகுவார், விலகியவரை வீடும் விட்டுவிடும். "ஒதுங்கிட்டாங்க" என்று கிளினிக்குக்குக் கூட்டி வருவார்கள். காதுக்குள் பார்த்தால் குறும்பி அடைத்து நிற்கும். சில நாள் காது மருந்து விட்டு இளக்கி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டால் முதல்முறையாகப் பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டு "யார் வீட்டுலடி கல்யாணம்" என்று கேட்பார். அதன் பிறகு தாளை வாசியுங்கள். காது கேளாதவரிடம் வாசித்த பதினைந்து கேள்விகளின் புள்ளியை நம்பவே கூடாது.

கண் புரையும் அப்படித்தான். படி தெரியாததால் இறங்காதவரை "ஆர்வம் இல்லை" என்று எழுதிவிடுகிறோம்.

18 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

நான் 15ஆம் திகதி எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். புரொப்ரனலோல் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்று எழுதினேன். பழைய பாடம் அது. பல மருந்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வகை மருந்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உறுதியாகவில்லை. களைப்பும், தூக்கக் குழப்பமும், கெட்ட கனவும் வருவது உண்மை. ஆகவே "தெம்பில்லை", "கனாக் கண்டு முழிக்கிறேன்" என்றால் அதைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு அதன்மேல் பழியைப் போட்டு மற்றதைத் தேடாமல் விடாதீர்கள்.

22 ஜூன் 2025, மலைச்சாரல்

சரி, 2, 9, 13 என்று சொன்னதைப் பார்த்தோம். 4 எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மூன்றும் நிற்கின்றன. இனி என்ன? வாழ்க்கைத் தரம் அளக்கவும் ஏதாவது தாள் உண்டா? உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வித் தாள் கிளினிக்கில் ஒப்பேறாது. ஒரு காலையில் 120 பேர்.

22 ஜூன் 2025, கிளினிக் கொப்பி

26 வேண்டாம். அதே நிறுவனத்தின் ஐந்து கேள்வித் தாள் இருக்கிறது. கடந்த இரண்டு கிழமையில்: மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்ததா, தூங்கி எழும்போது தெளிச்சியாக இருந்ததா, அன்றாட நாள் பிடித்தமான விஷயங்களால் நிறைந்திருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டினால் 25. நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு. 50க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். மூன்று நிமிட வேலை.

இதில் வருத்தத்தைப் பற்றிய சொல்லே இல்லை என்பதுதான் பயன். "பைத்தியத்துக்கான கேள்வி" என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். உங்கள் இஸ்தோப்பு அம்மாவின் நிலை ஐந்தாவது கேள்வியில் வெளியாகும்.

23 ஜூன் 2025, பீலிக்கரை

0 முதல் 5 என்று எண் கேட்டால் எழுத்து வாசனை இல்லாதவர் தடுமாறுவார். ஐந்து தீக்குச்சியைக் கையில் கொடுத்து, "எப்பவும் இருந்துச்சின்னா அஞ்சையும் வைங்க, இல்லவே இல்லன்னா ஒண்ணும் வைக்காதீங்க" என்று சொல்லலாம்.

1 ஜூலை 2025, பீலிக்கரை

தீக்குச்சியில் ஒரு கோளாறு. பலர் எல்லாவற்றுக்கும் மூன்றை வைத்துவிடுகிறார்கள். மிஸ் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை அது. முதலில் வைத்தியத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு கேள்வி கேட்டுப் பழக்க வேண்டும்: "போன கிழமை மழை எத்தனை குச்சி?", "வெயில் எத்தனை குச்சி?" மழைக்கு ஐந்தும் வெயிலுக்கு ஒன்றும் வைத்தவர் அடுத்ததற்கு மூன்றே வைக்கமாட்டார்.

3 ஜூலை 2025, கிளினிக் கொப்பி

இப்போது "இனி என்ன" என்பதற்கு வருகிறேன். 2, 9, 13 நிற்பவருக்கு மருந்தைக் கூட்டுவது ஒரு வழி. 50இல் நான்கு முதல் ஆறு கிழமை சென்றும் அரைகுறை என்றால் 100 வரை போகலாம். ஆனால் நடமாட்டத்தைத் திருப்பிக் கொண்டுவர, நடமாட்டத்தையே மருந்தாக எழுத வேண்டும். மனம் தேறினால் எழுந்திருப்பார் என்று காத்திருப்பது தலைகீழ். சிறிதாக எழுந்திருக்கச் செய்தால் மனம் பின்னால் வரும்.

2002இல் வெளியான அமெரிக்காவின் இம்பாக்ட் ஆய்வில் அறுபது தாண்டிய 1,801 பேர், அத்தனை பேரும் சாதாரண முதல்நிலை கிளினிக்குகளுக்கு வருபவர்கள். ஒரு தாதியோ உளவியலாளரோ கூடவே இருந்து செயலூக்கம், மருந்து, சிறு பிரச்சினை தீர்க்கும் பயிற்சி ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்துக்கொண்ட பக்கத்தில், ஒரு வருடத்தில் 45 வீதமானோருக்கு அறிகுறி பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. வழக்கமான வைத்தியத்தில் 19 வீதம். வாழ்க்கைத் தரமும் அந்தப் பக்கம்தான் கூடியது. அங்கேயும் மருந்து இரு பக்கத்தாருக்கும் கிடைக்கக்கூடியதாகவே இருந்தது. வித்தியாசம், ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததில் வந்தது.

நம் பக்கத்துக்கு நெருக்கமானது கோவாவில் நடந்தது. வைத்தியப் பட்டம் இல்லாத ஊர்க்காரர்களைப் பழக்கி, இலேசான அறிகுறி உள்ள முதியவர்களுக்குப் பிரச்சினை தீர்க்கும் முறையும் தூக்க ஒழுங்கும் சொல்லிக் கொடுத்தார்கள். முழு மனச்சோர்வாக முற்றுவது கணிசமாகக் குறைந்தது. அதைச் செய்ய மனநல டொக்டர் தேவைப்படவில்லை. மலையகத்தில் இது முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

4 ஜூலை 2025, பீலிக்கரை

எழுந்திருக்கச் செய்வது எப்படி என்று விரித்து எழுதுகிறேன். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

"நடங்க, நாலு பேரோட பேசுங்க" என்பது வைத்தியம் ஆகாது. வேலை, நேரம், இடம், கூட யார், இந்த நான்கும் இருக்க வேண்டும். "காலை எட்டரைக்கு வெயில் வந்ததும், பேத்தியோடு, கொல்லைக் கீரைப் பாத்தி வரை போய் இரண்டு பிடி கீரை ஆய்வது." மதியத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கிவிடும் என்பதால் எல்லாம் காலையில்.

வேலையைத் தெரிவது அவருடைய பழைய வாழ்க்கையிலிருந்து. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைக்குப் பந்து உருட்டும் பயிற்சி சொல்லாதீர்கள். கீரை ஆய்தல், பூக்கட்டுதல், பேத்திக்குத் தலை பின்னுதல், கோயில் விளக்குத் துடைத்தல். பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்த்த ஆயா என்றால் பக்கத்துக் காம்பராக் குழந்தையை அரை மணி நேரம் மடியில் கொடுங்கள். கங்காணியாக இருந்த தாத்தாவுக்குக் கணக்கு வேலை: மரண உதவிச் சங்கத்துக் கொப்பியைப் பார்ப்பது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பேர் வெட்டப்பட்ட நாளிலிருந்து தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதே பலருக்கு உள்ளே கிடக்கும் குறை.

முதல் கிழமை ஒரே ஒரு வேலை, கிழமைக்கு மூன்று நாள். செய்த நாளில் சுவரில் தொங்கும் கலண்டரில் குங்குமப் பொட்டு. எழுதத் தெரிய வேண்டியதில்லை. கிளினிக்குக்கு வரும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொட்டு இல்லாத நாளைக் குற்றமாகக் கேட்காமல், "அன்னிக்கி என்ன தடுத்துச்சி?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த கிழமைக்குரிய வேலை இருக்கிறது. மழையா, முழங்காலா, மருமகள் "நீங்க சும்மா இருங்க அத்தை" என்றாளா.

அந்தக் கடைசி வாக்கியம் அன்பில்தான் வருகிறது. அதுதான் அதிகம் முடக்குவதும். கத்தி, அடுப்பு, விறகு எல்லாவற்றையும் கையிலிருந்து வாங்கிவிட்டால் மிஞ்சுவது இஸ்தோப்பு மட்டும்.

4 ஜூலை 2025, மலைச்சாரல்

"என்ன தடுத்துச்சி" என்று இன்று ஏழு பேரைக் கேட்டதில் நாலு பேர் சொன்னது கக்கூஸ்.

5 ஜூலை 2025, பீலிக்கரை

ஆமாம். லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போகும் கக்கூஸ். இதைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, தலைச்சுற்று. தலைச்சுற்றால் இன்னும் பயம். கோயிலுக்குப் போனால் அங்கே போக இடமில்லை என்று கோயிலே வேண்டாம். சாவு வீட்டுக்கும் அதனால்தான் போவதில்லை. இதெல்லாம் நமது தாளில் "வீட்டில் இருக்கப் பிடிக்கும்" என்று ஒரு புள்ளியாக விழுகிறது.

செய்யக்கூடியது: இரவுக்குக் காம்பராவுக்குள் மூடியுள்ள வாளி, அதைக் கொட்ட ஒருவர் பெயர் குறித்து. படி ஓரம் இரண்டு கம்பு நட்டு நைலோன் கயிறு, இடுப்பு உயரத்தில். படி விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும். பாசியைக் கிழமைக்கு ஒருமுறை தேய்ப்பது. கழுத்தில் மாட்டும் டோர்ச். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்டால் கம்பும் கயிறும் கிடைக்கக்கூடும்.

5 ஜூலை 2025, குளிசைப் பெட்டி

அதோடு, சிறுநீர் போக்கும் பிரஷர் குளிசையைக் காலையில் கொடுங்கள். இரவுக்கு என்று துண்டில் எழுதியிருந்தால் அதுவே அவரை இரண்டு முறை படியிறக்கும்.

9 ஜூலை 2025, கிளினிக் கொப்பி

ஒரு முக்கியமான திருத்தம், குளிசைப் பெட்டியின் 12 ஜூன் குறிப்புக்கு. மழைக்காலத்துக்கு இரண்டு கிழமை கூடுதல் மருந்து என்பது எல்லோருக்கும் அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர் கையில், அவர் வீட்டில், மருந்து சேரக்கூடாது. அமிட்ரிப்டிலின் அதிகமாகப் போனால் இதயத்தைத் தாக்கும். அப்படிப்பட்டவருக்குக் கிழமைக் கணக்கில் கொடுத்து, குளிசையை மகனோ மகளோ வைத்திருக்க வேண்டும்.

கேட்பதற்குத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. படிப்படியாகக் கேளுங்கள்: "வாழ்ந்தது போதும்னு தோணுதா?" "படுத்தா எந்திரிக்காம போயிட்டா தேவலன்னு நெனைக்கிறீங்களா?" "நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு நெனப்பு வந்துச்சா?" "எப்படின்னு யோசிச்சீங்களா?" கடைசி இரண்டுக்கு ஆம் என்றால் அன்றே மனநல வைத்திய அதிகாரியிடம், தனியாக விடாமல். தோட்டத்தில் மரக்கறிக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் அன்றே வேறிடம் போய்ப் பூட்டுக்குள் வைக்க வேண்டும். இலங்கையில் 1995 அளவில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பிறகு வெகுவாக இறங்கியதில் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது பெரும் பங்கு. கைக்கெட்டாத தூரம் உயிரைக் காக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகல் எந்நேரமும். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். இரண்டையும் கொப்பியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

9 ஜூலை 2025, குளிசைப் பெட்டி

ஏற்றுக்கொள்கிறேன். அந்த நிபந்தனையை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

16 ஜூலை 2025, பீலிக்கரை

இழப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. இன்று எழுபது தாண்டிய ஒருவர் மலையகத் தமிழரில் பெருந்தொகையினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த சிறீமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964இல் சிறு பிள்ளை. அதற்குப் பிந்திய இருபது வருடத்தில் அண்ணன், அக்கா, மாமன் என்று கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்களைப் பார்த்தவர். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். போனவர் இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாததால் திதி கொடுக்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் ஐம்பது வருடம். இது பதினைந்து கேள்வியில் எதிலும் இல்லை. "கூடப்பொறந்தவங்க எத்தன பேர், எங்க இருக்காங்க?" என்று ஒரே கேள்வி கேளுங்கள், குடும்ப வரலாறு எழுதுகிற சாக்கில். சிலருக்கு அங்கே கதவு திறக்கும்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒன்றாக்காதீர்கள். துக்கம் அலை அலையாக வரும், நடுவில் பேரன் சேட்டைக்குச் சிரிப்பார். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது, "நான் எதுக்கும் ஒதவாதவ" என்ற எண்ணம் நாள் முழுக்கத் தங்கும்.

17 ஜூலை 2025, மலைச்சாரல்

சொல் பற்றி ஒரு கேள்வி. வீட்டாரிடம் "மனநோய்" என்றால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். அவர்களே "நரம்புத் தளர்ச்சி" என்கிறார்கள். அதையே சொல்லிவிடலாமா?

17 ஜூலை 2025, கிளினிக் கொப்பி

முதல் நாள் அவர்கள் சொல்லோடு தொடங்குங்கள், அதிலேயே நிற்காதீர்கள். நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் விட்டால் சத்து ஊசி கேட்டு வேறிடம் போவார்கள். "மனசு களைச்சுப்போற வருத்தம், சீனி மாதிரி இதுவும் ஒரு வருத்தம், மருந்தும் உண்டு, குணமும் ஆகும்" என்றால் புரிகிறது. எவ்வளவு காலம் என்பதையும் அன்றே சொல்லுங்கள்: பலன் தெரிய நான்கு முதல் ஆறு கிழமை, சிலருக்கு எட்டு; நன்றான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்; நிறுத்தும்போது மெல்ல இறக்கி. "நல்லாயிட்டேன்னு நானே விட்டுட்டேன்" என்பதுதான் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். இதற்கு முன்பும் வந்து போன வருத்தம் என்றால் இன்னும் நீளம்.

மனநல கிளினிக் நாளில் வரச் சொல்லாமல் பிரஷர் கிளினிக் நாளிலேயே பார்த்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

2 ஓகஸ்ட் 2025, மலைச்சாரல்

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு வரி வைக்கிறோம். ஒன்று, எந்தக் கேள்விகளில் புள்ளி நிற்கிறது, கூட்டுத்தொகையோடு எண்களும். இரண்டு, ஐந்து கேள்வித் தாளின் நூற்றுக்கு எவ்வளவு. மூன்று, இந்த மாத வேலை. நான்கு, எவ்வளவு தூரம் நடந்தார், நிமிடத்தில். இரண்டு கிழமையில் ஒரு தொலைபேசி அழைப்பு, மருந்து தொடங்கியவருக்கு மட்டும்.

3 ஓகஸ்ட் 2025, பீலிக்கரை

நிமிடத்தில் எழுதாதீர்கள். லயத்தில் மணி பார்த்து நடப்பவர் இல்லை, கேட்டால் "பத்து நிமிசம்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "லயத்துக் கடைசியில் உள்ள தொங்க வீடு வரை", "பீலி வரை", "கோயில் வரை", "ரோட்டுக் கடை வரை" என்று எழுதுங்கள். போன மாதம் தொங்க வீடு, இந்த மாதம் பீலி என்றால் யாருக்கும் புரியும், அவருக்கும் புரியும்.